ஆறு பத்து வண்டியும் பாலத்து ஆலாக்களும்

கண்டக்டரம்மாவுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. சம்பளப் பட்டியலில் இருக்கிறது. சங்க உறுப்பினர் பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆனால் கடற்கரைத் தடத்தில் இருபத்திரண்டு வருஷமாக டிக்கெட் கிழிக்கிற ஒரே பெண் அவர்தான் என்பதால், பெயருக்கு வேலை வரவில்லை. ஆள் குள்ளம். குரல் கனம். விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார். அப்போதும் ஒவ்வொரு வார்த்தையும் புரியும். வண்டி எந்த வளைவில் திரும்பினாலும் கம்பியைப் பிடிக்க மாட்டார். சீட்டு முனையில் இடுப்பைச் சாய்த்து நிற்பார், அவ்வளவுதான்.

கடற்கரைத் தடம் பஸ் ஸ்டாண்டில் தொடங்கிக் கலங்கரை விளக்கத்தில் முடிகிறது. பதினெட்டு கிலோமீட்டர். ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு வந்து சேரும் கழிமுகம். நடுவில் உப்புக் கிடங்கு, மீன் இறங்குதுறை, ஐஸ் பாக்டரி, ஊர்ச் சாக்கடையைக் கடலில் கொட்டும் பெரிய குழாய், பாலம். அழகான தடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிற தடம்.

அவர் பறவை பார்க்க ஆரம்பித்த கதையில் கவிதை எதுவும் கிடையாது. கலங்கரை விளக்கத்தில் வண்டி பதினெட்டு நிமிஷம் நிற்கும். ஆண்கள் சுவரைத் தேடிப் போவார்கள். பெண் எங்கே போவாள் என்று நிர்வாகத்தில் எவனும் யோசிக்கவில்லை. விளக்குக் காவலரின் வீட்டம்மா இரக்கப்பட்டுத் தன் வீட்டுக் கக்கூஸைப் பயன்படுத்தச் சொன்னார். அந்த வீடு கழிமுகத்தின் ஓரமாக ஆறு நிமிஷ நடை. போக ஆறு, வர ஆறு. அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில்தான் இந்த அம்மாள் முதன்முதலாக ஆலாவைப் பார்த்தார். கடற்காகத்தை விட மெலிந்த வெள்ளைப் பறவை, கறுப்புத் தொப்பி, கத்திரி போல் பிளந்த வால். காற்றில் ஒரே இடத்தில் நின்று, பிறகு கல் விழுவது போல் தண்ணீரில் விழுந்து, மீனோடு எழும். அடுத்த நாளும் பார்த்தார். அதற்கடுத்த நாளும்.

கலங்கரை விளக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று சங்கம் மூன்று வருஷம் போராடியது. மனு, தர்ணா, ஒரு நாள் வேலை நிறுத்தம். கடைசியில் கட்டினார்கள். நீல டைல்ஸ், தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கதவு. திறந்த பத்தாம் நாள் நான் பார்க்கப் போனேன். கண்டக்டரம்மா அதைத் தாண்டிப் பழைய பாதையில் நடந்துகொண்டிருந்தார். அப்போது நான் செயலாளர். எனக்கு ரத்தம் கொதித்தது.

“ஏம்மா, மூணு வருஷம் தொண்டை கிழியக் கத்தி வாங்கின கக்கூஸு. பிடிக்கலையா?”

“நல்லாத்தான் இருக்கு தோழர். ஆனா உள்ள போனா பறவை தெரியலையே.”

“அப்பவே சொல்லியிருந்தா ஒரு ஜன்னல் கேட்டிருப்பேன்.”

“கக்கூஸுக்கு ஜன்னல் கேட்டு இன்னொரு மூணு வருஷம் கத்துவீங்க. வேணாம் தோழர், விடுங்க.”

அப்படித் தொற்றிய பைத்தியம். ஒரு நாளைக்கு நான்கு நடை ஓடும் வண்டியில் நின்றுகொண்டே அந்தக் கடற்கரையை அவர் படித்தார். எந்த ஸ்டாப்பில் இறங்கினால் வெயில் முதுகில் விழும், எந்த ஜன்னலில் உட்கார்ந்தால் உப்புக் கிடங்குக் கூரை தெரியும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் நீர்க்காகங்கள் கல் மேல் இறக்கையை விரித்துக் காயப்போடும், எல்லாம் அத்துப்படி. பறவை பார்க்க வருகிறவன் முதலில் செய்யும் தப்பு கடலைப் பார்த்து நிற்பது என்பார். பாலத்தில் இறங்கினால் கடலுக்கு முதுகைக் காட்டிக் கழிமுகத்துச் சேற்றைப் பார்க்க வேண்டும். சாப்பாடு அங்கேதான் இருக்கிறது.

பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி வைத்தார். டிக்கெட் கணக்கு எழுதுகிற அதே முறை. தேதி, ஸ்டாப், நேரம், என்ன பறவை, எத்தனை. ஐந்து நோட்டு நிறைந்துவிட்டது. அவர் வீட்டுக்காரர் தையல்காரர். அளவு நோட்டும் பறவை நோட்டும் ஒரே அலமாரியில் கிடந்ததால், ஒருமுறை யாருக்கோ சட்டைக் கை அளவு பார்க்கப் போய் “கடற்காகம் எழுபது” என்று படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தாராம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குப் போன வருஷம் கட்டை விழப் பார்த்தது. டெப்போவுக்குப் புது மேனேஜர் வந்தார். சின்ன வயசு. கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் வண்டியைப் பார்க்கமாட்டார், கம்ப்யூட்டர் தாளைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்து நடையில் சராசரி எட்டுப் பேர் என்று தாள் சொன்னது. அந்த நடையை நிறுத்திவிட்டு, கண்டக்டரம்மாவை மார்க்கெட் தடத்துக்கு மாற்றுவதாக நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்.

அந்த ஆறு பத்துதான் அவருக்கு வாரத்தின் உயிர். கூட்டம் இல்லாத வண்டி, கீழ் வெயில், திறந்த ஜன்னல். மார்க்கெட் தடத்தில் காக்கையைப் பார்க்கக்கூடத் தலையைத் திருப்ப முடியாது.

நேராக மேனேஜர் அறைக்குப் போனார். மேஜை மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் தட அட்டவணை, மூலையில் சத்தம் போடும் மின்விசிறி. மேனேஜர் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

“சார், அந்த எட்டுப் பேர்ல மூணு பேர் நைட் டூட்டி முடிச்சு வீட்டுக்குப் போற நர்ஸுங்க. விளக்குக்கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில இருந்து திரும்புற நடையில ஏறுவாங்க. மிச்சம் மீன் கூடை.”

“புரியுதும்மா. ஆனா எட்டுப் பேருக்கு ஒரு பஸ் எப்படி ஓட்டறது?”

“அந்த எட்டுப் பேர் முப்பது பேர் ஆச்சுன்னா?”

“எங்கிருந்து வருவாங்க?”

“பறவை பார்க்க வருவாங்க சார்.”

மேனேஜர் அவர் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை என்று தெரிந்ததும் பேனாவை மூடி வைத்தார்.

“சரி. நாலு ஞாயிறு டைம். நாலாவது ஞாயிறு நானே ஏறி எண்ணுவேன். முப்பது தலை இருந்தா நடை இருக்கும். இருபத்தொம்பது இருந்தா இல்ல. சரியா?”

“சரி சார்.”

சாயந்திரம் என்னைத் தேடி வந்தார். சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் சங்க அறை. பதவியை விட்டாலும் அலமாரிச் சாவியை நான் விடவில்லை. விஷயத்தைச் சொல்லி, நோட்டீஸ் எழுதித் தரச் சொன்னார். நோட்டீஸ் என்றால் எனக்குக் கை தானாக ஓடும். கால் மணி நேரத்தில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“தோழர், ‘அணிதிரண்டு வாரீர்’னு போட்டிருக்கீங்க. பறவை பார்க்கக் கூப்பிடறோம், மறியலுக்கு இல்ல.”

“கூட்டம் வேணுமா வேணாமா?”

“‘பறவைகளின் வாழ்வுரிமையை நசுக்கும் நிர்வாகமே’ன்னு வேற இருக்கு. மேனேஜர் சார் எந்தப் பறவையை நசுக்கினாரு?”

“சரி, அதை அடி.”

“‘அறைகூவல்’?”

“அதையும் அடி.”

அடித்து அடித்து மிஞ்சியது ஏழு வரி. ஞாயிறு காலை ஆறு பத்து வண்டி. நான்கு இடம். ஒவ்வொரு இடத்துக்கும் நேரம், உட்கார வேண்டிய ஜன்னல் பக்கம், காணப்போகும் பறவை. பாலம் ஆறு நாற்பது, ஆலாவும் உள்ளானும், முந்நூறுக்குக் குறையாது. நேரமெல்லாம் அவர் நோட்டைப் பார்த்து எழுதியது. பாலத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, வண்டி விளக்கு வரை போய்த் திரும்பி வரும்போது ஏழு இருபத்தெட்டுக்கு ஏறிக்கொள்ளலாம். ஐந்நூறு பிரதி. பள்ளிக்கூடம், லைப்ரரி, சலூன், தையல் கடை எல்லா இடத்திலும் ஒட்டினோம்.

முதல் ஞாயிறு முப்பத்தாறு பேர் வந்தார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிய அப்பன்மார், தொலைநோக்கி மாட்டிய ஒரு பல் டாக்டர், குடையோடு ஒரு கணக்கு டீச்சர், இன்னும் யார் யாரோ. நானும் ஏறினேன். பாலத்தில் மொத்தக் கூட்டமும் இறங்கியது. கண்டக்டரம்மா படியில் நின்று, “எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க” என்றார். நின்றார்கள். வண்டி விளக்குக்குக் கிளம்பியது.

சேறு இல்லை. சேறு இருந்த இடமெல்லாம் தண்ணீர். பாலத்தின் தூண் பாதிவரை முங்கி, கழிமுகம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. பறவை ஒன்றுகூட இல்லை. நாற்பத்தெட்டு நிமிஷம் முப்பத்தாறு பேர் வெறும் தண்ணீரைப் பார்த்தோம். கடைசியில் பாலத்துக் கைப்பிடியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து எங்களை எண்ணியது. கணக்கு டீச்சர் நோட்டீஸை எடுத்து, “முந்நூறுக்குக் குறையாது” என்ற வரிக்குப் பக்கத்தில் “1” என்று எழுதினார்.

திரும்பும் வண்டியில் கண்டக்டரம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. சலூன்காரர் மட்டும் பின் சீட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

“ஏம்மா, அந்த முந்நூறும் லீவா?”

“வீக்லி ஆஃப்பாம்” என்றார் பக்கத்திலிருந்தவர்.

வண்டி முழுக்கச் சிரித்தது. நல்ல சிரிப்புதான், ஆனால் அந்தச் சிரிப்பில் அடுத்த ஞாயிறு இவர்கள் வரமாட்டார்கள் என்பதும் இருந்தது.

வரவும் இல்லை. இரண்டாவது ஞாயிறு பதினொரு பேர். அந்த எட்டுப் பேரைச் சேர்த்துத்தான் பதினொன்று. பறவைக்காக வந்த மூவரில் ஒருவர் கணக்கு டீச்சர். விடை தப்பாக வந்தால் விடமாட்டாத ஜாதி. பாலத்தில் நாங்கள் இறங்கினால், சேறு கண்ணுக்கெட்டிய தூரம் திறந்து கிடக்கிறது. அதன் மேல் வெள்ளை வெள்ளையாக, சாம்பல் சாம்பலாகப் பறவை. தரையே ஓடுகிற மாதிரி உள்ளான்கள் ஓடின. டீச்சர் முந்நூற்று நாற்பது வரை எண்ணிவிட்டுக் கையை உதறினார்.

சாயந்திரம் கண்டக்டரம்மா வீட்டில் கூடினோம். முன் அறையில் தையல் மெஷின், சுவரெல்லாம் தொங்கும் பாதிச் சட்டைகள், வெட்டு மேஜை மேல் ஐந்து நோட்டு. டீச்சர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு கேட்டார்.

“இதுல பறவை இல்லாத நாள் எங்க எழுதியிருக்கு?”

“இல்லாத நாளா? அதை எதுக்கு டீச்சர் எழுதணும்?”

“போனீங்க, பார்த்தீங்க, ஒண்ணும் இல்ல. அப்படி ஒரு வரி.”

“ஏறாத ஆளுக்கு யாராவது டிக்கெட் கிழிப்பாங்களா?”

மெஷினில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் மிதிப்பதை நிறுத்தினார். அங்கேதான் விஷயம் உடைந்தது. இருபத்திரண்டு வருஷம் கண்டக்டர் வேலை பார்த்த கை. ஆள் ஏறினால் எழுதும், ஏறாவிட்டால் எழுதாது. ஒரு நாளைக்கு நான்கு நடை அந்தப் பாலத்தின் மேல் போய் வருகிறார். நான்கில் எப்படியும் ஒரு முறை பறவை இருக்கும். அந்த முறையை எழுதினார், மற்ற மூன்றையும் மறந்தார். நோட்டைப் படித்தால் எந்த நேரம் போனாலும் பாலத்தில் பறவை இருக்கும் என்று தோன்றும். அப்படித் தோன்றித்தான் முப்பத்தாறு பேரைக் கூட்டிப்போய்க் காக்கையைக் காட்டினார்.

“அப்ப என் நோட்டு பொய்யா டீச்சர்?”

“பொய் இல்ல. பாதி. மிச்சப் பாதியைத் தேடணும்.”

மிச்சப் பாதி சங்க அலமாரியில் இருந்தது. எந்தத் தேதியில் எந்த நடையில் யார் வேலை பார்த்தார்கள் என்ற டூட்டி தாள் ஒவ்வொன்றையும் நான் பத்திரப்படுத்தியிருக்கிறேன்; நிர்வாகத்தோடு வழக்கென்றால் அதுதான் ஆயுதம். பறவைக்காக அதைத் திறப்பேன் என்று நினைத்ததில்லை. மறுநாள் கண்டக்டரம்மா, டீச்சர், நான் மூன்று பேரும் சங்க அறைத் தரையில் தாளை விரித்தோம். போன பருவத்தில் அவர் வேலை பார்த்த நடைகளையெல்லாம் வரிசையாக எழுதி, நோட்டில் பறவை இருந்த நடைக்குப் புள்ளி வைத்தோம். புள்ளி இல்லாத கட்டம் காலி நடை.

புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை. படிக்கட்டு மாதிரிச் சாய்வாக இறங்கின. இன்று முதல் நடை என்றால், இரண்டு மூன்று நாள் கழித்து இரண்டாவது நடை, அப்புறம் மூன்றாவது. கண்டக்டரம்மா தரையில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று தொடையில் தட்டினார்.

“தோழர், இது லேட்டா வர்ற வண்டி. தினமும் ஒரே அளவு லேட்டு.”

“எது?”

“தண்ணி.”

ஐஸ் பாக்டரி லோடுமேன் மறுநாள் அதை உறுதி செய்தார். தண்ணீர் ஏறினால்தான் பெரிய படகு துறைக்குள் வரும், படகு வந்தால்தான் அவருக்கு ஐஸ் ஏற்றும் வேலை.

“தினம் அம்பது நிமிஷம் தள்ளிப் போகும்க்கா. இன்னைக்கு ஆறுன்னா நாளைக்கு ஆறு அம்பது. இது தெரியாமலா இத்தனை வருஷம் பஸ் ஓட்டறீங்க?”

“தண்ணி ஏறும் இறங்கும்னு தெரியும்ப்பா. அதுக்கு டைம் டேபிள் இருக்குன்னு எவன் சொன்னான்?”

“எங்களுக்கு அதான் டூட்டி தாளு.”

“தினம் அம்பது நிமிஷம் லேட்டு, மெமோ குடுக்க ஆள் இல்ல. கொடுத்து வச்ச கடல்.”

டீச்சர் கணக்குப் போட்டார். ஒரு வாரத்தில் தண்ணீர் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளிப் போகிறது. ஆகவே இந்த ஞாயிறு காலை வற்றி இருந்தால், அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் ஏறி இருக்கும். வரப்போகும் மூன்றாவது ஞாயிறு ஏற்றம். பாலம் உதவாது.

“அப்ப தண்ணி ஏறும்போது அதுங்க எங்க போகுது?” என்றார் கண்டக்டரம்மா. “செத்தா போயிடுது? எங்கயோ போய் உட்காருது இல்ல?”

அந்த வாரம் அவருக்குப் பிடித்த வெறியை நான் எந்த வேலை நிறுத்தத்திலும் யாரிடமும் பார்த்ததில்லை. தண்ணீர் ஏறும் நடையில் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தார். டிரைவர் வளைவில் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை உப்புக் கிடங்கைப் பார்த்தார், ஒன்றுமில்லை. புதன்கிழமை வார விடுமுறை. அலைதடுப்புக் கல்லின் முனைவரை நடந்தார், நீர்க்காகம் நாற்பது, ஆனால் சறுக்கல், குழந்தைகளுக்கு ஆகாது. வியாழக்கிழமை சாக்கடைக் குழாய். குழாயின் இரு பக்கமும் நீளமான சிமெண்ட் சுவர். சுவர் முழுக்கக் கடற்காகம், தோளோடு தோள் ஒட்டி, ஒரே பக்கம் பார்த்து. அதற்கு எதிரே ஐஸ் பாக்டரியின் பெரிய கூரை. அதில் ஆலாக்கள், கூரையின் நிறமே தெரியாத அளவுக்கு. அத்தனை வருஷமும் அவர் அந்த இடத்தில் மூக்கைப் பொத்திக் கண்ணையும் மூடிக்கொண்டு போயிருக்கிறார்.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் ஊசியில் நூலைக் கோத்தபடி கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை காலையில ஊர் ஜனத்தைக் கூட்டிட்டுப் போய்ச் சாக்கடையைக் காட்டப் போற?”

“ஆமாங்க.”

“நான் வேணா ஆளுக்கொரு கர்ச்சீப் தைச்சுத் தர்றேன்.”

தைத்தும் கொடுத்தார், கத்தரித்த சட்டைத்துணியில் இருபது கைக்குட்டை. மூன்றாவது ஞாயிறு வந்தது பத்தொன்பது பேர். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு குழாய்ப் பக்கம் வரிசையாக நின்றதைப் பார்த்தால் கொள்ளைக் கூட்டம் மாதிரி இருந்தது. ஆனால் ஐஸ் பாக்டரியில் யாரோ இரும்புக் கதவைத் தள்ளிய சத்தத்துக்குக் கூரை முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. வெள்ளைத் துணியை உதறிய மாதிரி வானத்தில் ஒரு சுற்று சுற்றி, மறுபடி அதே கூரையில் இறங்கியது. சலூன்காரர் தற்செயலாக அங்கே மீன் வாங்க வந்திருந்தார். வாயைத் திறந்தவர் மூடவில்லை.

“லீவு முடிஞ்சிடுச்சா?” என்றார் கண்டக்டரம்மா.

“முடிஞ்சிடுச்சும்மா” என்றார் அவர். அன்று பத்து மணிக்குள் சலூனில் தலையைக் கொடுத்த அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது.

நாலாவது ஞாயிறுக்குப் புது நோட்டீஸ். இந்த முறை முதல் வரியை அவரே சொன்னார். “முதல் ஞாயிறு வந்து ஏமாந்தவர்களுக்கு: தப்பு எங்களுடையது. தண்ணீரின் நேரத்தைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்துவிட்டோம்.” முப்பது வருஷமாக நோட்டீஸ் எழுதுகிறேன், தப்பு எங்களுடையது என்று ஒரு முறைகூட அச்சடித்ததில்லை. சொன்னேன். “இப்ப அடிங்க தோழர், ஒண்ணும் ஆகாது” என்றார். அடித்தோம்.

அந்த ஞாயிறு மேனேஜர் இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூ, தோளில் பை, கையில் அட்டையில் செருகிய தாளோடு ஆறு மணிக்கே வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கோடு போட்டார். பஸ் ஸ்டாண்டில் இருபத்தேழு. சலூன் ஸ்டாப்பில் ஒன்பது. உப்புக் கிடங்கில் ஆறு. நாற்பத்திரண்டு தலை. கண்டக்டரம்மா டிக்கெட் கிழித்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போகும்போது குனிந்து தாளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார், சிரிப்பு வந்தால் ஊதிவிடும் என்று.

பாலத்தில் எல்லோரும் இறங்கினார்கள். மேனேஜரும், “ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு வர்றேன்” என்று பையையும் தாளையும் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். வண்டி ரெண்டு நிமிஷம் எங்கே நிற்கும்? ஆறு நாற்பதுக்கு விசில், கிளம்பிவிட்டது. பரவாயில்லை, திரும்பும்போது ஏறுவார் என்று நினைத்தோம்.

தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. பறவைகள் தூரத்தில், சேற்றின் கடைசியில் மேய்ந்தன. பல் டாக்டரின் தொலைநோக்கி கை மாறிக்கொண்டே இருந்தது. அது மேனேஜர் கைக்குப் போனதும் நின்றுவிட்டது. அவர் அதைக் கண்ணில் வைத்தபடியே கரையை விட்டு இறங்கினார். ஷூவைக் கழற்றினார். பேன்ட்டை மடித்தார்.

ஏழு இருபத்தெட்டுக்கு வண்டி திரும்பி வந்தது. உள்ளே மூன்று நர்ஸுகள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள், மீன் கூடைகள் இடைவழியில். பறவை பார்த்தவர்கள் ஏறினார்கள். மேனேஜர் கரையிலிருந்து வெகு தூரத்தில், ஒரு மணல் திட்டின் மேல் நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். அவர் கையை மட்டும் ஆட்டினார், கண்ணை எடுக்கவில்லை.

“என்னம்மா செய்யறது?” என்றார் டிரைவர். “நம்ம நடையே அவரு கையில இருக்கு. அஞ்சு நிமிஷம் நிக்கலாமா?”

கண்டக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸுகளைப் பார்த்தார். கூடைக்காரம்மா ஒருவர், “மார்க்கெட்டு திறந்துடுவாங்க கண்ணு” என்றார். மேனேஜரைப் பார்த்தார். நான் செயலாளராக இருந்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பேன், மறைப்பானேன்.

“டைம் ஆச்சுண்ணே” என்றார் அவர். “எடுங்க.” விசில் ஊதினார்.

மேனேஜரை விட்டுவிட்டு அவர் வண்டியே போனது. வழி நெடுக வண்டியில் ஒரே பேச்சு. நாளைக்கு மெமோ வரும் என்றார் ஒருவர். மெமோ என்ன, மார்க்கெட் தடமே வரும் என்றார் இன்னொருவர். “வந்தா வரட்டும்” என்று கண்டக்டரம்மா சொன்னார். ஆனால் ஸ்டாண்டில் இறங்கி டீ வாங்கியவர் குடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த நடை எட்டு இருபது. நான் இறங்கவில்லை, வேடிக்கையை விட முடியுமா? எட்டு ஐம்பதுக்குப் பாலம். மேனேஜர் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். வெறுங்கால். முழங்கால்வரை சேறு. ஒரு கையில் ஷூ, மறு கையில் பல் டாக்டரின் தொலைநோக்கி. அவருக்குப் பின்னால், கரையிலிருந்து இருபதடி தூரத்தில், நூற்றுக்கணக்கில் பறவை. காலையில் நாங்கள் தூரத்தில் பொடிப் பொடியாகப் பார்த்ததெல்லாம் இப்போது கரையோரத்தில் கண்ணுக்கு நேரே நடந்துகொண்டிருந்தது. கறுப்புத் தொப்பிக்குக் கீழே ஆலாவின் கண்ணே தெரிந்தது.

ஏறினார். கண்டக்டரம்மா அவருடைய பையை எடுத்து நீட்டினார்.

“சார், ஏழு இருபத்தெட்டுன்னா ஏழு இருபத்தெட்டு. நர்ஸுங்க இருந்தாங்க.”

“தெரியும்மா, நீங்க போனது சரிதான்.” மூச்சு வாங்கியது. “நீங்க விட்டுட்டுப் போனதாலதான் பார்த்தேன். தண்ணி திரும்ப ஏற ஆரம்பிச்சுது. ஏற ஏற அதுங்களுக்கு நிக்க இடம் இல்ல, ஒவ்வொரு அடியா பின்னால வந்து வந்து என் காலுக்குப் பக்கத்துல நின்னுச்சு. இதை ஏன் நோட்டீஸ்ல போடல?”

கண்டக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் டீச்சரைத் தேடினேன். அவர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

“எங்களுக்கே தெரியாது சார். அந்த நேரத்துல நான் ஸ்டாண்டுல டீ குடிச்சுட்டு இருப்பேன்.”

“அப்ப ஆறு பத்து நடை இருக்கட்டும்” என்றார் மேனேஜர். சொல்லிவிட்டுச் சேற்றுக் காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். “தாள்ல நாற்பத்திரண்டு இருக்கு, நான் கையெழுத்துப் போடறேன். நீங்களும் அதுலயே இருங்க. ஆனா இந்த எட்டு இருபதுக்கும் ஆளைக் கூட்டுங்க. வத்தும்போது வர்றவங்க ஆறு பத்துல, ஏறும்போது வர்றவங்க எட்டு இருபதுல.”

“அது வாராவாரம் மாறும் சார். டீச்சர்கிட்ட கணக்கு இருக்கு.”

“அப்ப வாராவாரம் எழுதிப் போடுங்க. ஸ்டாண்டுல ஒரு பலகை வைக்கச் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அடுத்த தடவை நான் திட்டுல நின்னா ரெண்டு ஹாரன் சேர்த்து அடிக்கச் சொல்லுங்க.”

“அடிக்கலாம் சார். ஆனா நிக்க மாட்டோம்.”

டிரைவர் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினார். கண்டக்டரம்மா விசில் ஊதினார். வண்டி எட்டு ஐம்பத்திரண்டுக்குக் கிளம்பியது, இரண்டு நிமிஷம் லேட்டு. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அதற்காக யாரையும் திட்டாத ஒரே நாள் அது.